ஆந்தையோடு நின்றுவிடும் பிளேயர்

போன கோடை விடுமுறையில் என் நாத்தனார் கண்ணில் புரை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டில் வந்து தங்கினார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் வீடு. கணவர் இறந்த பிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறார். ஆபரேஷன் திண்டுக்கல்லில் நடந்தது. சொட்டுமருந்து விடவும் ஆள் வேண்டும். அதனால், "ஆறுற வரைக்கும் இங்கனயே இரு அக்கா" என்று என் வீட்டுக்காரர் சொல்ல, அவரும் மறுக்காமல் வந்துவிட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரோடு நான் உட்கார்ந்து பேசியதே குறைவு. நான் கன்னிவாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறேன். அதனாலோ என்னவோ, முதல் நாளிலிருந்தே அவர் என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தையில் மரியாதை இருக்கிறதா, தள்ளிவைப்பு இருக்கிறதா என்று எனக்குப் பிடிபட்டதில்லை. நானும் "வாங்க மதினி, சாப்பிடுங்க மதினி, போய்ட்டு வாங்க மதினி" என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் நிறைய விஷயங்களுக்குத் தடை போட்டிருந்தார்கள். குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிவியும் போனும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். விடிந்ததிலிருந்து தோப்பில் மட்டையைப் பொறுக்கி, மாட்டைப் பார்த்து, தண்ணீர் பாய்ச்சியே பழகிய மனுஷிக்கு இது பெரிய தண்டனை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகிற சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். "இது தண்ணி லாரி. இது அந்தப் பச்சைக் கேட்டு வீட்டுப் பிள்ளையோட வண்டி, சைலன்சர்ல ஓட்டை" என்று சரியாகச் சொல்வார்.

ஒருநாள் காலையில் சொட்டுமருந்து விட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு சத்தம் இருக்கு. அது என்னன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுவியா?"

"என்ன சத்தம் மதினி?"

"எங்க தோப்புல. பொழுது சாய்ஞ்சு மோட்டாரை நிறுத்துனதும் கேக்கும். சிமெண்டுத் தரையில கோலிக்குண்டு விழுந்தா எப்படி இருக்கும்? டொக்... டொக்... டொக்குனு ஆரம்பிச்சு, பெறகு டொக்டொக்டொக்குனு வேகமாகி, கடைசியில டர்ர்ருனு அடங்கும்ல? அதே மாதிரி. ஆனா அங்க சிமெண்டுத் தரையும் கிடையாது, கோலிக்குண்டும் கிடையாது."

"பல்லியா இருக்குமோ?"

"உங்கண்ணே தவளைன்னாரு. நான் பறவைன்னேன். எத்தனையோ வருசமா இதே சண்டைதான். டார்ச்சை எடுத்துட்டுப் போயி வரப்பு வரப்பாத் தேடியிருக்கோம். கிட்டப் போனா நின்னுரும். தவளையும் காணோம், பறவையும் காணோம். அவரு கடைசி வரைக்கும் தவளைன்னே சொல்லிட்டுப் போயிட்டாரு."

'உங்கண்ணே' என்று அவர் சொன்னது அவருடைய கணவரை. சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னிடம் அவர் எதையாவது கேட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. காக்கா, குயில், மயில், பஸ் போகும்போது வயலில் தெரிகிற கொக்கு, அவ்வளவுதான். ஆனால் இணையத்தில் தேடினால், பறவைக் குரல்களை உலகம் முழுக்க ஆட்கள் பதிவு செய்து போட்டுவைக்கிற ஓர் இடம் இருந்தது. நம் பக்கத்துப் பறவைகள் எவை என்று பார்த்துப் பார்த்து இறக்க ஆரம்பித்தேன். முதலில் போனிலேயே போட்டுக் காட்டினேன். சரிப்படவில்லை. பாதியில் யாராவது கூப்பிடுவார்கள். அவருக்கோ ஒரு குரலைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சமையலறையிலிருந்து என்னைக் கூப்பிட அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் பீரோவில் கிடந்த, பாட்டுக் கேட்கிற பழைய பிளேயர் ஞாபகம் வந்தது. நான் பி.எட். படித்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி வாங்கி வந்தது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசு. நீலப் பெயிண்ட் ஓரங்களில் உரிந்து வெள்ளை தெரியும். நிறுத்த, ஓடவிட, முன்னே போக, பின்னே வர என்று அழுத்தினால் 'கிளிக்' என்று சொல்கிற பொத்தான்கள். கண்ணைத் திறக்காமலே இயக்கலாம். இப்போது மதினி இருக்கிற நிலைக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது என்று நினைத்தேன். சார்ஜில் போட்டேன். நல்ல நேரம், உயிர் வந்தது.

லேப்டாப்பில் செருகினேன். பிளேயரை அடையாளம் கண்டுகொண்டு, 'சிங்க்' செய்யட்டுமா, அதாவது குரல்களை மொத்தமாக ஏற்றட்டுமா என்று கேட்டது. சரி என்றேன். பச்சைக் கோடு நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய், முக்கால்வாசியில் நின்றது. இடம் இல்லை என்று ஒரு பெட்டி வந்தது.

இடம் இல்லையா? திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. குரல்கள் ஒவ்வொன்றும் சில நொடிகள்தான். மொத்தமாகச் சேர்த்தாலும் பத்துப் பதினைந்து பாட்டு அளவுக்கு வராது. மறுபடி சிங்க் செய்தேன். மறுபடி அதே இடம். எங்கே நிற்கிறது என்று பார்த்தால், ஆந்தை.

"என்னாச்சு டீச்சர்?"

"ஆந்தைக்கிட்ட வந்து நின்னுருது மதினி. அதுக்குப் பெறகு ஏற மாட்டேங்குது."

"ஆந்தையா? அதை எதுக்கு ஏத்துற? எடுத்துரு. அந்தச் சனியன் ஏறுனா மத்தது எப்படி ஏறும்?"

ஃபைல் கெட்டுப்போயிருந்தாலும் இப்படி நிற்கும் என்பதால், அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஆந்தையை நீக்கினேன். சிங்க் செய்தேன். அடுத்திருந்த மரங்கொத்தியில் நின்றது. மரங்கொத்தியை நீக்கினால் மீன்கொத்தியில் நின்றது.

"பாவம், ஆந்தை மேல பழியைப் போட்டுட்டோமே" என்றார் மதினி.

எனக்கு உள்ளே ஏதோ சுறுசுறுப்பாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் வருஷாவருஷம் சொல்வேன்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. நீக்கியதையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட்டு, அதையே செய்தேன். கேபிளை மாற்றினேன். நின்றது. லேப்டாப்பில் வேறு ஓட்டையில் செருகினேன். நின்றது. பள்ளிக்கூட லேப்டாப்பை எடுத்து அதில் செருகினேன். அங்கேயும் ஆந்தையில்தான் நின்றது.

சாயந்தரம் என் வீட்டுக்காரர் வந்து, சாப்பாட்டு மேஜை முழுக்க ஒயராகக் கிடப்பதைப் பார்த்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஸ்பீக்கர் வாங்கிட்டா முடிஞ்சுது. எதுக்கு இந்தப் பாடு?"

"நீ செத்த நேரம் சும்மா இருலே" என்றார் அவருடைய அக்கா. "ஏன் ஏற மாட்டேங்குதுன்னு தெரிய வேணாமா?"

அந்த 'ஏன்' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாதி காலியாக இருக்கிற ஒரு பாத்திரம், நிறைந்துவிட்டேன் என்று சொல்கிறது. ஏன்?

வீட்டுக்காரர் கொஞ்சம் சமாதானமாகி, "ஒருதடவை முழுசாத் துடைச்சுட்டு முதல்ல இருந்து போட்டுப் பாரேன்" என்றார். நல்ல யோசனை. அதில் கிடந்த என் பழைய பாட்டுகளை லேப்டாப்பில் எடுத்துவைத்துக்கொண்டு, பிளேயரைச் சுத்தமாகத் துடைத்தேன். இப்போது அது முழுக்கக் காலி. சிங்க் செய்தேன். பச்சைக் கோடு ஆந்தையைத் தாண்டியது. மதினி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மரங்கொத்தி, மீன்கொத்தி, வாலாட்டிக் குருவி என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் போய், தூக்கணாங்குருவியில் நின்றது. இடம் இல்லை. கிட்டத்தட்ட முழுப் பிளேயருமே காலியாகக் கிடந்தது, இடம் மட்டும் இல்லை.

அன்றைக்கு ஒயர்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

மறுநாள் நான் சிங்க்கை விட்டுவிட்டு, பிளேயரை மறுபடி துடைத்து, ஆந்தையை மட்டும் ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு ஃபைலாகக் கையால் இழுத்துப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். கொஞ்சம் ஏறியதும் மறுபடி இடம் இல்லை என்றது. மதினி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணால் பார்க்க முடியாததால், "எது எது இருக்குன்னு படி" என்றார். படித்தேன். அந்தப் பெயர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இறக்கும்போதே நான் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைத்திருந்தேன். ஆரம்பத்தில் பொறுமையாக, முழு விவரத்தோடு. பிறகு அலுத்துப்போய், சுருக்கமாக.

"கவுதாரி, காலை நேரம், புதர்க்காட்டில் ஜோடியாகக் கூப்பிடுவது, கொஞ்சம் காற்றுச் சத்தத்தோடு" என்று ஒன்றைப் படித்தேன்.

"கவுதாரி எனக்குத் தெரியாதாக்கும்? எங்க தோப்புல குஞ்சு குட்டியோட ஓடித் திரியும். அதை எடுத்துட்டு வேற ஏதாச்சும் போடு."

எடுத்தேன். அந்த இடத்தில் 'மயில்' என்று ஒன்றை இழுத்துப் போட்டேன். ஏறியது. சும்மா இருக்கட்டும் என்று 'குயில்' போட்டேன். அதுவும் ஏறியது. 'கிளி' போட்டேன். ஏறியது. அதற்கு அடுத்ததைப் போட்டால், இடம் இல்லை.

நான் அளவுகளைப் பார்த்தேன். கவுதாரிதான் இருப்பதிலேயே சின்ன ஃபைல். உள்ளே போன மூன்றும் அதைவிடப் பெரிசு. மயில் மட்டுமே அதைப் போல நாலு மடங்கு.

"மதினி, இது அநியாயமா இருக்கு. சின்னது ஒண்ணு வெளிய வந்துச்சு. பெரிசு மூணு உள்ள போயிருச்சு."

"பெரிசா? எனக்கென்னமோ நேர்மாறா இருக்கு. நீ மூச்சு முட்டப் படிச்ச பேரு ஒண்ணு வெளிய வந்துச்சு. குட்டிக் குட்டிப் பேரா மூணு உள்ள போயிருச்சு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏதோ விளையாட்டாகச் சொன்ன மாதிரி கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் திரையில் இருக்கிற அளவு எண்கள் தெரியாது. காதில் விழுந்தது பெயர்கள் மட்டும்தான். எனக்கோ பெயர்கள் கண்ணிலேயே படவில்லை, எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயருக்கும் இடத்துக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? சோதித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. கிளியை வெளியே எடுத்தேன். ஆந்தை ஃபைலுக்கு நான் வைத்திருந்த நீளப் பெயரை அழித்துவிட்டு, வெறும் 'ஆ' என்று மாற்றினேன். இழுத்துப் போட்டேன்.

"மதினி! ஆந்தை ஏறிருச்சு!"

"ஏறிருச்சா!"

உடனே அதை வெளியே எடுத்து, மறுபடி நீளமாகப் பெயர் வைத்துப் போட்டேன். மாட்டேன் என்றது. 'ஆ' என்றால் ஏறுகிறது. முழுப் பெயர் சொன்னால் இடம் இல்லை என்கிறது. ஒரே ஃபைல், ஒரே குரல். இரண்டு பேரும் கைதட்டிச் சிரித்தோம். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப்பார்த்து, என்ன விசேஷம் என்றார். "ஆந்தை ஏறிருச்சு" என்றார் மதினி. அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்ட பிறகு பதில் கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கோ ஒரு பழைய கலந்துரையாடல் பக்கத்தில் இதே மாதிரி தலையைப் பிய்த்துக்கொண்ட ஒருவருக்கு யாரோ விளக்கியிருந்தார்கள். இந்த மாதிரிப் பழைய சின்னக் கருவிகளில், உள்ளே நுழைந்ததும் இருக்கிற முதல் அடுக்கில் பெயர்களை எழுதிவைக்க இத்தனை கட்டங்கள்தான் என்று முதலிலேயே வகுத்துவைத்திருப்பார்களாம். சின்னப் பெயருக்கு ஒன்றிரண்டு கட்டம் போதும். நீளப் பெயர் ஐந்தாறு கட்டங்களை அடைத்துக்கொள்ளும். கட்டங்கள் தீர்ந்துவிட்டால், பின்னால் எவ்வளவு காலி இருந்தாலும் இடம் இல்லை என்றுதான் சொல்லும். சிங்க் செய்கிற மென்பொருள் எல்லாவற்றையும் அந்த முதல் அடுக்கிலேயே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்து அதற்குள் போட்டால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

இதை மதினிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன். அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்ப ஒருத்தி ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு ஆறு சீட்டைப் பிடிச்சு வச்சிருவா. ஏறிப் பாத்தா அவ ஒரு ஆளுதான் உக்காந்திருப்பா. பஸ் காலியாத்தான் இருக்கும். ஆனா சீட்டு இருக்காது. அதுதான?"

அதேதான். பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்கு இதைவிடத் தெளிவாகத் திருப்பிச் சொன்னதில்லை.

ஒரு ஃபோல்டரை உண்டாக்கி, எல்லாக் குரல்களையும் நான் வைத்த நீளப் பெயர்களோடேயே உள்ளே போட்டேன். ஒன்று விடாமல் ஏறின. கவுதாரியையும் சேர்த்தே போட்டேன்.

அதற்குப் பிறகு மதினியின் பகல்கள் மாறிவிட்டன. காலைச் சொட்டுமருந்து முடிந்ததும் இயர்போனை மாட்டிக்கொள்வார். கட்டைவிரல் பொத்தானைத் தேடி அழுத்தும். "இது இல்ல." கிளிக். "இதுவும் இல்ல." கிளிக். "ஏ, இது நம்ம செம்போத்து!" சிலதைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, இதை நான் கேட்டிருக்கிறேன், ஆனால் எங்கே என்று தெரியவில்லை என்று நெடுநேரம் யோசித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரிந்த பறவைகள் எனக்குத் தெரிந்ததைப் போலப் பத்து மடங்கு. பெயர் மட்டும் வேறு வேறாகச் சொல்வார். முடிந்ததும் நான் இன்னும் கொஞ்சம் தேடி இறக்கி ஏற்றுவேன். தவளைக் குரல்களையும் தேடி ஏற்றினேன். அது அவர் கேட்டதுதான். "அந்த மனுசனுக்கும் ஒரு நியாயம் வேணும்ல? அவரு பக்கத்தையும் பாத்துருவோம்."

ஒரு மத்தியானம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் சத்தமே இல்லை. கிளிக் சத்தமும் இல்லை. எட்டிப்பார்த்தேன். மதினி நிமிர்ந்து, ஒரு கையைத் தூக்கி யாரையோ நிறுத்துகிற மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும், ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

டொக். டொக். டொக், டொக், டொக்டொக்டொக், டர்ர்ர்.

சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டு. அவர் சொன்னது போலவே.

"பேரைப் பாரு" என்றார்.

பிளேயரின் சின்னத் திரையில் தமிழ் எழுத்து வராது, கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஓடி லேப்டாப்பைத் திறந்து, அந்த வரிசையில் அது எது என்று பார்த்தேன்.

"பக்கி."

"என்னது?"

"பக்கிதான் மதினி. அதான் பேரு. பக்கின்னு ஒரு பறவை. பகல்ல தரையில சருகோட சருகாப் படுத்துக் கெடக்குமாம். மிதிக்கிற மாதிரிப் போனாத்தான் பறக்குமாம். பொழுது சாய்ஞ்சா பூச்சி பிடிக்க வருமாம்."

"அடப் பக்கி!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கண்ணை அழுத்தக் கூடாது, சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரக் கூடாது என்று நான் பயந்துபோய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "பறவைதான். பறவைதான்னு எம்புட்டுத் தடவை சொன்னேன். கேட்டாரா?" சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு மெதுவாக, "இருந்திருந்தா, இப்பவும் ஒத்துக்கிட மாட்டாரு" என்றார்.

விடுமுறை முடிவதற்கு முன் அவரைக் கொண்டுபோய் விட நானும் வீட்டுக்காரரும் வத்தலக்குண்டுக்குப் போனோம். தோப்பில் இறங்கியதும் அவர் முதலில் மாட்டைப் பார்த்தார், பிறகு மோட்டார் ரூமைத் திறந்து தண்ணீர் விட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு, மூன்று பேரும் வரப்பில் நின்றோம். கொடைக்கானல் மலைப் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கொசு கடித்தது. ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் இரண்டு தடவை "போவோமா?" என்றார்.

பிறகு கேட்டது. இயர்போனில் கேட்டது போல் இல்லை. அதைவிடச் சத்தமாக, எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி, தோப்பே தட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. நான் பிளேயரில் போட்டால் பதில் சொல்லுமா என்று கேட்டேன். "வேணாம், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றார் மதினி. டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். இவ்வளவு வருஷமும் அவர்கள் டார்ச்சை மரத்திலும் தண்ணீரிலும் அடித்துத் தேடியிருக்கிறார்கள். இப்போது எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும்.

காய்ந்த மட்டைகளுக்கு நடுவில் ஒரு சிவந்த பொட்டு மின்னியது. கண்.

"அந்தா" என்றார். நான் பார்ப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார், புரை எடுத்த கண்ணால். தரையில் ஒரு துண்டு எழுந்து, சத்தமே இல்லாமல், இறக்கையில் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரியப் பறந்து, இருட்டில் போய்விட்டது. மைனா அளவுதான் இருக்கும்.

"இம்புட்டூண்டுக் குருவியா?" என்றார் மதினி.

வீட்டுக்காரர் பார்க்கத் தவறிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் காலில் கொசுவைத் தட்டக் குனிந்திருந்தார். வரப்பிலிருந்து மதினி வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி முழுக்க அக்காவும் தம்பியும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் பறந்தது, திரும்ப வருமா. அவர் கேட்கக் கேட்க, மதினி கையை விரித்து இறக்கை எப்படி இருந்தது என்று காட்டிக்கொண்டே நடந்தார்.

பிளேயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதன் பேட்டரி இப்போது அதிக நேரம் தாங்குவதில்லை. அதனால் சமையலறையில் சார்ஜில் செருகியபடியே வைத்துக் கேட்கிறார். பறவைகளை எல்லாம் கேட்டு முடித்துவிட்டார். ரேடியோவில் போட்ட பழைய சினிமா ஒலிச்சித்திரங்கள் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைத்தால் தனி ஃபோல்டரில் போடச் சொன்னார்.